பிஞ்சு முருங்கைக்காயும் ஐந்தாம் அத்தியாயமும்

செத்துப்போய் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்த சமயத்திலும் பேராசிரியர் குற்றாலிங்கம் தன் ஆய்வு மாணவியிடம் முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னார்.

"சக்தி, அஞ்சாவது அத்தியாயம் பாத்துட்டேன். திருத்தம் இருக்கு. வர்ற வழியில மார்க்கெட்ல முருங்கைக்காய் வாங்கி வீட்டுல குடுத்துட்டு வந்துரு. பிஞ்சாப் பாத்து வாங்கு. போன தடவ மாதிரி முத்தல வாங்கிட்டு வந்து நிக்காத."

பிரம்மசக்தி கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தாள். குரல் அவருடையதுதான். 'நிக்காத' என்று முடித்ததும் வருகிற செருமலும் அவருடையதுதான். ஆனால் அவர் உடம்புக்கு மாலை போட்டவர்களில் அவளும் ஒருத்தி. பதினாறாம் நாள் விசேஷத்தில் இலை போட்டுச் சாப்பிட்டும் வந்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துக்குள் திருநெல்வேலியில் டிரைவர் இல்லாத பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. சமைக்க ஆள் இல்லாத ஓட்டல்கூட வந்துவிட்டது. நெறியாளர் இல்லாத பிஎச்.டி. மட்டும் வரவில்லை. நெறியாளர் காலமாகிவிட்டால் அவருடைய மாணவர்கள் அநாதைகள். வேறு பேராசிரியர் யாரும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு நான் ஏன் காது குத்த வேண்டும் என்பார்கள். இதற்குப் பல்கலைக்கழகம் (பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம்) ஒரு வழி கண்டுபிடித்தது. போனவர் தன் மாணவர்களுக்கு அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள், திருத்தங்கள் எல்லாவற்றையும் ஓர் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தால், அது அவரைப் போலவே பேசும், அவரைப் போலவே திருத்தும், கடைசியில் அவரைப் போலவே கையெழுத்துப் போடும். அந்தக் கையெழுத்து செல்லும். அதற்கு 'நிழல் நெறியாளர்' என்று பெயர். கடைசி மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் நிழலை அழித்துவிட வேண்டும், இறந்தவர் குரலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. குற்றாலிங்கம் சாருக்குக் கடைசி மாணவி சக்திதான்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவரைதான் கெடு. பிள்ளைப்பேறுக்கு ஒரு நீட்டிப்பு, சார் காலமானதற்கு ஒரு நீட்டிப்பு என்று எல்லாம் வாங்கித் தீர்த்தாயிற்று. இந்த வெள்ளி தப்பினால் பதிவு ரத்து. கல்யாணமான மறு வருஷம் தொடங்கிய ஆராய்ச்சி குப்பைக்குப் போகும். வள்ளியூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்காக நிரந்தர வேலை ஒன்று காத்திருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த சான்று இல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். இத்தனை நாளும் அவள் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மட்டும் மாதாமாதம் தவறாமல் கிடைக்கிற வேலை அது.

ஆராய்ச்சி கொசுவைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலி எழுப்பினால் கொசு ஆளைக் கடிக்காமல் ஒதுங்கிப் போகிறது என்று அவள் கண்டிருந்தாள். ஊரே கொசுவை அடித்துக்கொண்டிருந்த நாளில் அவள் அதை வலைக்கூண்டில் வைத்து வளர்த்தாள். மாமியார் வீட்டில் இதை வெளியே சொல்வதில்லை. மருமகள் ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மார்க்கெட்டுக்குப் போகவெல்லாம் நேரமில்லாததால் சக்தி முதலில் ஒரு பொய் சொல்லிப் பார்த்தாள்.

"வாங்கிக் குடுத்துட்டேன் சார்."

"எந்தக் கடையில?"

"மார்க்கெட்ல... உள்ள நுழைஞ்சதும் முதல் கடை சார்."

"அது வாழை இலைக் கடைல்லா? யார்ட்ட கத வுடுத? போய்க் குடுத்துட்டு வா. திருத்தம் எங்கயும் ஓடிப் போவாது."

உயிரோடு இருந்தபோதும் அவரிடம் பொய் சொல்லி ஜெயித்தவர்கள் கிடையாது. சக்தி நேராகக் கணினி மையத்துக்குப் போனாள். நிழல்களைப் பராமரிக்கிற டேவிட் சந்தோஷம் அங்கே டிபன் டப்பாவைத் திறந்து வைத்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, சாரோட நிழலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு."

"கிறுக்கெல்லாம் இல்லக்கா, ரொம்பத் தெளிவாத்தான் இருக்கு" என்றான் அவன். "முருங்கைக்காயா, சிலிண்டரா?"

"முருங்கைக்காய்."

"பரவால்ல. போன மாசம் இன்னொரு துறையில ஒரு நிழல், பேத்திக்கு வரன் பாக்கச் சொல்லிருச்சு. நாங்க என்ன செஞ்சோம்? சார் தன் ஸ்காலர்ஸுக்கு அனுப்புனத எல்லாம் அள்ளிப் போட்டோம். அதுல ஆராய்ச்சி கொஞ்சம்தான்க்கா. மிச்சமெல்லாம் கரண்ட் பில்லு, கேஸ் சிலிண்டரு, ரயில் டிக்கெட்டு. எது ஆராய்ச்சி, எது வீட்டு வேலைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? முருங்கைக்காய் வீட்டுக்குப் போவுது, அடுத்து அத்தியாயம் திரும்பி வருது. நெறியாளர்னா அதான்னு அது படிச்சு வச்சிருக்கு."

"அதை மட்டும் வெட்டி எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம். கமிட்டி கூடணும், ஒப்புதல் வாங்கணும், திரும்பப் பழக்கணும். பொங்கலுக்குள்ள முடிச்சிரலாம்."

"எனக்கு இந்த வெள்ளிக்கிழமை தம்பி!"

டேவிட் சாதத்தை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான். "நெசமான சார் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"மார்க்கெட்டுக்குத்தான் போயிருப்பேன்."

"அப்ப அதையே செய்யுங்க."

கதவைத் திறந்த உலகம்மை முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்தாள். பிறகுதான் சக்தியைப் பார்த்தாள். சாரின் மனைவி. எல்லா மாணவர்களுக்கும் அவள் 'அம்மா'. ஆள் மெலிந்திருந்தாள்.

"யாரு வாங்கிட்டு வரச் சொன்னா?"

"சும்மா வர்ற வழியில பாத்தேம்மா. பிஞ்சா இருந்துச்சு."

"பிஞ்சாப் பாத்து வாங்கணும்னு ஒனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?" என்று கேட்டாலும் கட்டை வாங்கிக்கொண்டாள். "உக்காரு. அவுக போன பிறவு அந்தப் பக்கமிருந்து ஒரு ஈ காக்கா இந்த வாசல மிதிக்கல. முன்னெல்லாம் ஆளுக்கொரு பையத் தூக்கிட்டு வருவிய. படிக்க வந்த புள்ளைகள வேலை வாங்காதீயன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தான?"

 இத்தனை நாள் எட்டிப் பார்க்காததற்குச் சக்திக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் தானாக வரவில்லை என்பதை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

"பிஞ்சுதான?" என்று கேட்டது நிழல். "சரி, திருத்தம் அனுப்பியிருக்கேன்."

திருத்தத்தைத் திறந்தாள். முதல் பத்தியில் ஒரு கமா சேர்க்கச் சொல்லியிருந்தது. சேர்த்து அனுப்பினாள். அந்தக் கமா எதற்கு என்று கேட்டுத் திரும்பி வந்தது. எடுத்து அனுப்பினாள். இங்கே ஒரு கமா இருந்தால் நன்றாக இருக்குமே என்று மறுபடியும் வந்தது. இதிலும் குறை சொல்ல முடியாது. அசல் சாரும் அப்படித்தான். ஒரு சீனியர் தன் ஆய்வேட்டில் அடித்து அடித்துத் திருத்திய வாக்கியம் கடைசியில் முதலில் எழுதியபடியே அச்சானது என்று துறையில் ஒரு கதை உண்டு.

ஆனால் நான்காவது தடவை வந்தது கமா இல்லை.

"சக்தி, உன் ஒலிப்பதிவுல சுருதிக்குப் பின்னால ஒரு முனகல் கேக்குது. ஃபேன் சத்தம். கொசு எதக் கேட்டு ஓடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? முன்னால கேக்கறத எவனும் கேப்பான். பின்னால என்ன கேக்குதுன்னு பாரு."

சக்தி பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள், முனகல் இருந்தது. இத்தனை வருஷமாக அவள் கவனிக்காதது அது. ஃபேன் ஓடாத நாட்களின் பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, கணக்கை முதலிலிருந்து போட்டு, அத்தியாயத்தைப் பாதிக்குமேல் திரும்ப எழுதினாள். எழுதித் தருகிற இயந்திரங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் தடை. ஒவ்வொரு வரியையும் அவளேதான் தட்ட வேண்டும். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்து தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மகன், "அம்மா, கொசு முடிஞ்சிருச்சா?" என்று வந்து வந்து கேட்டான். அவள் கண்ட முடிவு அப்போதும் நின்றது. முன்பு சொன்ன அளவுக்கு இல்லை, ஆனால் இனி யாரும் அசைக்க முடியாது. இந்த மனுஷனை முழுசாகத் திட்டவும் வழியில்லாமல் போய்விடுகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை அதை அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"இது நல்லாருக்கு. கையெழுத்துப் போடலாம். அதுக்கு முன்னால, மிக்ஸி ரிப்பேருக்குக் குடுத்தமே, என்னாச்சு? முருகன்குறிச்சி ரோட்டுல, கீழ்ப்பக்கம் தையல் கடை, மேல மாடியில. வாங்கி வீட்டுல குடுத்துட்டு வந்துரு."

எந்த மிக்ஸி, யார் கொடுத்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால், மாடிக் கடைக்காரர் ஒரு மூலையிலிருந்து மிக்ஸியை எடுத்துத் தூசியை ஊதினார். புரொபசர் சார் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டது, பையன் பட்டம் வாங்கி ஜெர்மனிக்குப் போய்விட்டான், சார் வேறு எங்கோ போய்விட்டார் என்றார்.

உலகம்மை மிக்ஸியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கடையில குடுத்திருக்கேன்னாக. எந்தக் கடைன்னு சொல்லுமுன்ன போயிட்டாக. நான் இத்தன நாளா அம்மியில அரைக்கேன்." குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இது எங்க இருக்குன்னு அவுகளுக்கு மட்டும்தான் தெரியும். நெசத்தச் சொல்லு சக்தி. யாரு ஒன்ன அனுப்புறது?"

சக்தி சொல்லிவிட்டாள். நிழலைப் பற்றி, முருங்கைக்காயைப் பற்றி, கமாவைப் பற்றி. கேட்டு முடித்ததும் உலகம்மை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவுக குரலா?"

"ஆமாம்மா."

"போடு."

சக்தி கைபேசியை மேசையில் வைத்து, "சார்" என்றாள். "என்ன சக்தி, மிக்ஸி வந்துருச்சா?" என்றது குரல். உலகம்மையின் முகம் ஒருகணம் கோணி நேரானது.

"ஏங்க... நான்தான்" என்றாள் அவள்.

கைபேசியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க." என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்ட்டாச்சா?" என்றாள்.

"சக்தி, லைன்ல இருக்கியா? பக்கத்துல யாரோ பேசுதாங்க போல. அப்புறம் கூப்புடு" என்றது குரல்.

சக்திக்கு அந்த இயந்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. "அம்மா, அது எங்ககிட்டப் பேசுனத மட்டும்தான் படிச்சிருக்கு. உங்ககிட்டப் பேசுனது எதுவும் அதுக்குள்ள இல்ல" என்றாள்.

உலகம்மை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எங்கிட்டப் பேசுனதா? அதச் சேத்திருந்தாலும் என்ன தேறியிருக்கும்? 'காப்பி', 'துண்டு', 'சாவி எங்க'. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ்வளவுதான். ஒங்ககிட்ட அனுப்புனதுலதான் எங்களுக்கு என்ன வேணும்னாவது சொல்லிருக்காக." பிறகு கேட்டாள். "எப்பம் கையெழுத்துப் போடுவாக?"

"தெரியலம்மா. இப்ப மிக்ஸி. இனி அடுத்தது என்னவோ? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போடலன்னா என் பதிவு போயிரும்."

"போட்டுட்டா?"

சக்தி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் கடைசிம்மா. போட்டுட்டா அத அழிச்சிருவாங்க."

உலகம்மை எழுந்துபோய் மிக்ஸியைச் செருகி, உள்ளே ஒன்றும் போடாமல் சும்மா ஓடவிட்டுப் பார்த்தாள். நிறுத்திவிட்டு, "நாளைக்குக் காலையில வா" என்றாள்.

அன்று சக்திக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம், சமர்ப்பிக்காதே, அந்தக் குரல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா கேட்டுவிட்டால் என்ன செய்வது? முடியாது என்று சொல்ல வாய் வருமா? வேலையும் போய், வருஷங்களும் போய், முருங்கைக்காய் மட்டும் வாங்கிக்கொண்டிருப்பதா?

வெள்ளிக்கிழமை காலையில் போனபோது உலகம்மை குளித்து, தலையை முடிந்து, தயாராக இருந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒன் சீனியருக எல்லாம் எந்த மாசத்துல முடிச்சாகன்னு தெரியுமா?"

சக்தி யோசித்தாள். வாசுகி அக்கா, அந்தோணி, ஜெர்மனிக்குப் போனவன். "மார்கழி" என்றாள். அவளுக்கே வியப்பாக இருந்தது. "எல்லாரும் மார்கழிலதாம்மா. சார் நல்ல மாசம் பாத்துப் போடுவாரோ என்னவோ."

"மார்கழில எவனாவது நல்ல காரியம் செய்வானா? அது பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்குத மாசம். அடுப்படில நின்னு, பரண்ல ஏறுங்க, அண்டாவ எறக்குங்கன்னு நான் சத்தம் போடுவேன். ஒடனே இந்த மனுசனுக்கு வேலை வந்துரும். ஒங்கள்ல ஒருத்தரக் கூப்புட்டு, தூக்கிட்டு ஓடி வா, கையெழுத்துப் போட்டுத் தாரேம்பாக. பேனாவப் பிடிச்சிட்டு உக்காந்திருக்க மனுசன ஏணியில ஏத்த முடியுமா? நீங்க டாக்டர் ஆனது எல்லாம் என் பரணாலதான்."

சக்திக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால என்ன கேக்குதுன்னு பாரு. சார் அனுப்பிய அந்த மார்கழிக் குரல் பதிவுகளில் அவர் குரலுக்குப் பின்னால் என்ன கேட்டிருக்கும்? அடுப்படியிலிருந்து வருகிற ஒரு சத்தம். நிழல் அதையும் சேர்த்துத்தானே படித்திருக்கும்!

"அம்மா, நேத்து நீங்க பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசுனீங்க. அது அதுக்குப் பழக்கமில்லாத குரல். வழக்கமா நிக்குற எடத்துல நின்னு, வழக்கமாக் கூப்புடுற மாதிரி கூப்புடுங்க."

"அதுக்குத்தான வரச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உலகம்மை அடுப்படிக்குள் போனாள்.

சக்தி கைபேசியைச் சாரின் மேசைமேல் வைத்து, "சார், ஆய்வேடு ரெடி" என்றாள்.

"மூணாவது பத்தியில ஒரு கமா—" என்று தொடங்கியது நிழல்.

அடுப்படியில் சத்தமே இல்லை. மனசு மாறிவிட்டதோ என்று சக்தி எழுந்துபோய்ப் பார்க்க நினைத்தாள். அப்போது வீடே அதிர ஒரு குரல் வந்தது.

"ஏங்க! எத்தன தடவ சொல்லுதது? பேனாவத் தூரப் போட்டுட்டு வந்து பரண்ல ஏறுங்க! அண்டாவ யாரு எறக்குவா?"

கைபேசி செருமியது.

"சக்தி! வீட்ல கூப்புடுதா. கமாவெல்லாம் கெடக்கட்டும். அஞ்சாவது அத்தியாயம் அருமையா வந்திருக்கு. எல்லாத்தையும் தூக்கிட்டு ஓடி வா, கையெழுத்துப் போட்டுத் தாரேன். சீக்கிரம் வா!"

கைபேசித் திரையில் இருந்த ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், சாய்வாக, கடைசி எழுத்தின் கீழே ஒரு கோடு இழுத்து, அவர் கையெழுத்து வந்து விழுந்தது. சக்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது உலகம்மை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வீட்ல கூப்புடுதான்னுதான சொன்னாக?"

"ஆமாம்மா."

"கேட்டிருக்கு" என்றாள் உலகம்மை. "எல்லாம் காதுல விழுந்துதான் இருக்கு அந்த மனுசனுக்கு. போ, நேரமாவுது."

ஐந்து மணிக்குள் சமர்ப்பித்தாயிற்று. டேவிட் சந்தோஷம் திரையில் இரண்டு இடத்தில் தட்டி, "மூடியாச்சுக்கா" என்றான். கூடவே ஒரு லட்டும் கொடுத்தான். அதைத் தின்னும்போதுதான் சக்திக்கு அழுகை வந்தது.

வள்ளியூர் வேலை கிடைத்தது. சில வருஷங்களில் அவளும் நெறியாளர் ஆனாள். என் மாணவர்களை ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட அனுப்ப மாட்டேன் என்று துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. சொன்னபடியே நடந்தும் காட்டினாள். சனிக்கிழமைதோறும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இறங்கி, முருங்கைக்காய் வாங்கி, உலகம்மை வீட்டுக்குக் கொண்டுபோவாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். மார்கழியில் பரணிலும் அவளே ஏறினாள்.

ஒரு சனிக்கிழமை கல்லூரியில் தேர்வு வேலை வந்துவிட்டது. உலகம்மைக்கு வேறு உடம்பு சுகமில்லை, காத்துக்கொண்டிருப்பாள். சக்திக்குத் தன் மாணவி ஹசீனாவின் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வீடு பாளையங்கோட்டைதான். இது ஒன்றும் வேலை வாங்குவது இல்லை, ஒரு வயதானவளுக்குச் செய்கிற உதவிதானே என்று நினைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"ஹசீனா, ரெண்டாவது அத்தியாயம் பாத்துட்டேன். திருத்தம் இருக்கு. வர்ற வழியில மார்க்கெட்ல முருங்கைக்காய் வாங்கி, நான் சொல்ற வீட்டுல குடுத்துட்டு வந்துரு. பிஞ்சாப் பாத்து வாங்கு."

"சரி மேடம்" என்று உடனே பதில் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நெறியாளர்களின் குரலைச் சேமித்து வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் இப்போது புது விதி. இயந்திரம் அதையும் கேட்டு, முடிவில் வந்த செருமலோடு சேர்த்து, பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.